விசில் டீச்சரும் இன்றைய ஒலியும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சந்தேகம் உள்ளவர்கள் இந்தக் கதையில் வரும் எவர் தலையிலும் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தலைகள் ஏற்கெனவே வாங்கியதோடு இன்னொன்று சேர்ந்தால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொன்னது உண்டென்றால் உடைந்த பற்களின் எண்ணிக்கையை மட்டும்தான். எண்ணிய கம்பவுண்டர் நடுவில் இரண்டு தடவை விட்டுவிட்டார்.

விசில் டீச்சர் ஆள் ஒல்லி. குரல் அதைவிட ஒல்லி. கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் குரல் களைத்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் கழுத்தில் எப்போதும் ஒரு விசில். ஆனால் அவள் பாடம் நடத்தினால் வகுப்பு ஒரு நிமிடம் சும்மா இருக்காது. ஐந்து வயதுக் குழந்தைக்குக் காது இருப்பது தலையில் இல்லை, காலில் என்பது அவள் கட்சி. ஓடவிட்டு, குதிக்கவிட்டு, பந்தை எறியவிட்டுத்தான் ஒலிகளைச் சொல்லித்தருவாள். “சத்தம் தாங்கலை” என்று மூன்று பள்ளிக்கூடங்கள் அவளை வெளியே அனுப்பிவிட்டன. இது நான்காவது. இதை விட்டால் அவளை எடுக்க வேறு பள்ளிக்கூடம் இல்லை.

தலைமையாசிரியர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

“இது தற்காலிகம்தான், தெரியுமில்ல? சரியா மூணு வாரத்துல கல்வி அதிகாரி வர்றார். ஒரு வார்த்தை சொன்னா, அதுல என்னென்ன சத்தம் இருக்குன்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க பிரிச்சுக் காட்டணும். காட்டினா வகுப்பு உங்களுக்கு. இல்லைன்னா பக்கத்து ரூம் வாத்தியார்கிட்ட சேத்துடுவேன்.”

பக்கத்து ரூம் வாத்தியாருக்குக் கைகட்டு வாத்தியார் என்று பெயர். அவருடைய இரண்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் காலையில் கை கட்டினால் சாயங்காலம்தான் அவிழ்ப்பார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் மூக்கைச் சுளித்துத்தான் ஓட்ட வேண்டும்.

விசில் டீச்சர் தன் முப்பத்தொரு குழந்தைகளைப் பார்த்தாள். குண்டூசி என்று ஒரு பையன், நின்றால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மறைந்துவிடுவான். டிராக்டர் என்று ஒரு பெண், உட்கார்ந்தால் அந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார முடியாது. இந்தப் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட விடுவதில்லை என்று அவள் அங்கேயே முடிவு செய்தாள்.

மறுநாள் ஆளுக்கொரு ஈயடிக்கும் மட்டையைக் கையில் கொடுத்தாள். சுவர் முழுக்கப் படங்களை ஒட்டினாள். கரும்பலகையில் ‘இன்றைய ஒலி’ என்று எழுதி, அதன் கீழே பெரிதாக ‘ம்’ என்று போட்டாள்.

“வாயை மூடிக்கிட்டு சொல்லுங்க, ம்ம்ம். நான் ஒரு வார்த்தை சொல்லுவேன். இந்தச் சத்தத்துல ஆரம்பிச்சா ஓடிப்போய் அடிக்கணும். ஆரம்பிக்கலைன்னா அசையக் கூடாது. எங்க கேட்டாலும் விடக் கூடாது!”

அவள் சொன்னது சுவரில் இருந்த படங்களைத்தான். ஆனால் சுவர் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. ஆட்டம் எப்போது முடியும் என்பதையும் சொல்லவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் அவள் செய்த பிழை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் பிள்ளை குட்டிகள்.

விசில் ஊதினாள். “மரம்!” முப்பத்தொரு மட்டைகள் மரத்தின் மேல் விழுந்தன. மரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பும் உதிர்ந்தது. “மாடு!” மாட்டுக்குக் கொம்பு போயிற்று. “கதவு!” ஒருவரும் அசையவில்லை. ஒரு பொடியன் மட்டும் அவசரப்பட்டுக் காலெடுத்து வைத்தான். டிராக்டர் அவன் காலரைப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, பழைய இடத்திலேயே நட்டாள். டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. அரை மணி நேரத்தில் காது திறந்துவிட்டதே!

அப்போதுதான் கைகட்டு வாத்தியார் வாசலில் தலையை நீட்டினார்.

“மேடம், கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க.”

முப்பத்தொரு தலைகள் திரும்பின. குண்டூசி உதட்டை மூடி ‘ம்’ என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டான். அடுத்த நொடி வாத்தியாரின் மேல் வகுப்பே விழுந்தது. கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது. சட்டைப் பொத்தான்கள் நான்கு திசைக்கும் தெறித்தன. மட்டைகளில் வலைப் பக்கம் அடித்தவர்களும் உண்டு, பிடிப் பக்கம் அடித்தவர்களும் உண்டு.

“மூஞ்சி! மூஞ்சில வேணாம்! மூக்கு, மூக்கு! மெதுவாடா!”

பாவம், அவர் கெஞ்சக் கெஞ்ச அடி கூடியது. டிராக்டர் அவர் வயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டாள்.

“டீச்சர், இவர் ஆறு சொன்னாரு. ஆறு சரிதானே?”

டீச்சர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஆறு என்பது மிகச் சரி. நேற்று வரை தன் பெயரின் முதல் எழுத்தே தெரியாத பெண் அவள். விசில் பாதி வழியில் நின்றுவிட்டது.

“சரிதான்டா கண்ணு,” என்றாள்.

டீச்சரின் வீட்டுக்காரர் அடுத்த தெரு கிளினிக்கில் கம்பவுண்டர். அன்று சாயங்காலம் சோற்றில் கை வைத்தபடி கேட்டார்.

“ஏம்மா, ஒரு வாத்தியார் வந்தாரு. ரெண்டு பல்லைக் கையில எடுத்துட்டு வந்து எந்தப் பக்கம்னு தெரியலைன்னாரு. உன் ஸ்கூலா?”

“ஆமாங்க. ஆனா ஒரு அடி கூட தப்பா விழலை.”

“அது சரி. தப்பா விழுந்த அடிக்கும் சரியா விழுந்த அடிக்கும் தையல் ஒண்ணுதான். நாளைக்கு என்ன எழுத்து?”

“ப்.”

கம்பவுண்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். “பஞ்சு ஒரு கட்டு கூடவே எடுத்து வைக்கிறேன்.”

ப் நாளில் ஆட்டம் கேட்டைத் தாண்டியது. காலையில் பால்காரர் வழக்கம்போல் ராகத்தோடு கூவிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட வாசலில் இருந்து அவர் சைக்கிள் மட்டும் தனியாகத் திரும்பிப் போனது. அவர் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கேன் மூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு. யாரோ மாட்டிவிட்டதா, தற்காப்புக்கு அவரே மாட்டிக்கொண்டதா என்பது கடைசிவரை தெரியவில்லை.

அடுத்ததாக பஸ் டிரைவர். வண்டியை நிறுத்தி இறங்கி, “பஸ்ஸை எடுக்கணும், தள்ளுங்கடா!” என்றார். ஓங்கிய மட்டைகள் நடு வானத்தில் நின்றன. குண்டூசி தன் தொண்டையில் கை வைத்து அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தான்.

“இது வேற சத்தம் டீச்சர். தொண்டை நடுங்குது.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. படித்தவர்களுக்கே பிடிபடாத வித்தியாசம்! மட்டைகள் இறங்கின. டிரைவர் பெருமூச்சு விட்டு, “பரவாயில்லையே, நல்ல பசங்க!” என்றார். பெரிய மனுஷன் வாயை அந்த இடத்தில் மூடியிருக்கலாம். அவரைப் பிறகு பின் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவிலிருந்து இழுத்து எடுத்தார்கள்.

மூன்றாம் நாளே மட்டைகள் எல்லாம் முறிந்துவிட்டன. குழந்தைகள் வீட்டிலிருந்து கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். துடைப்பக்கட்டை, கரண்டி, அப்பாவின் செருப்பு. டிராக்டர் ஒரு கட்டில் கால் கொண்டுவந்தாள். மீதிக் கட்டிலில் அவள் அப்பா எப்படிப் படுத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

தெரு ஒரே வாரத்தில் திருந்திவிட்டது. காலையில் பள்ளிக்கூடக் கேட்டில் எழுதி மாட்டிய இன்றைய ஒலி என்னவென்று பார்க்காமல் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ப் வந்தால் பால்காரர் “வெள்ளை! வெள்ளை!” என்று கூவினார். க் வந்த அன்று காய்கறிக்காரருக்கு விற்க ஒன்றுமே இல்லை. கத்தரி, கேரட், கீரை, கோஸ் எல்லாவற்றையும் குவித்து வைத்துவிட்டு, தானும் ஒரு மூட்டை போல் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடி வெட்டுகிறவருக்கு அதைவிடச் சிக்கல். காது, கழுத்து, கன்னம், கண்ணாடி, கத்தரிக்கோல் எதையும் சொல்ல முடியாது. சவரக்கத்தியால் கழுத்தைத் தொட்டுக் காட்டி, புருவத்தைத் தூக்கிக் கேள்வி கேட்பார். இரண்டு பேர் நாற்காலியிலேயே மயங்கிவிட்டார்கள். அன்று மட்டும் கிளினிக்கில் பத்தொன்பது பேர். ஞ் நாளில் ஒருவர்தான். அவரும் மாடிப்படியில் வழுக்கி விழுந்தவர்.

புகார் சொல்ல ஒரு தாய் வந்தாள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“எம்பொண்ணு என்னைத் தொடப்பத்தால சாத்திட்டா டீச்சர்.”

“ஐயோ, நான் கண்டிக்கிறேங்க.”

“கண்டிக்கவா? மூணு வருஷமா அ-வும் தெரியாம ஆ-வும் தெரியாம இருந்த கழுதை. நேத்து நான் தூக்கத்துல உளறினதுல நாலு வார்த்தையைப் பிடிச்சுட்டா! நீங்க நல்லாருக்கணும்.” உப்பிய கன்னத்தோடு சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் வாரம் டீச்சர் ஒலிகளைச் சேர்க்கும் ஆட்டத்தைத் தொடங்கினாள். ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சிலும் ஓர் ஒலி அட்டை. ஆளுக்கொரு மூலையில் நின்று தன் ஒலியை இழுத்துச் சொல்லிக்கொண்டே நடந்து வந்து, நடுவில் தோள் உரசினால் சொல் பிறக்கும். நடந்து வர வேண்டும் என்றுதான் சொன்னாள். க், அ, ல் மூன்றும் மூன்று மூலையிலிருந்து பாய்ந்து வந்து முட்டிக்கொண்டன. மூன்று பால்பற்கள் தரையில் உருண்டன. “கல்!” என்று மூன்று பொக்கை வாய்களும் கத்தின. மோதினால்தான் சொல் ஒட்டும் என்று வகுப்பு முடிவு கட்டிவிட்டது.

குண்டூசி கை தூக்கினான். “டீச்சர், பெரிய வார்த்தை குடுங்க.”

அவள் யோசிக்காமல் “கட்டடம்” என்றாள். எட்டு ஒலி. எட்டாவது ஒலியான ம் டிராக்டரின் நெஞ்சில் இருந்தது. அவள் வராந்தாவின் கடைசிக்கே போய் அங்கிருந்து ஓடி வந்தாள். முன்னால் நின்ற ஏழு ஒலிகளும் அவளைப் பார்த்ததும் புத்திசாலித்தனமாக விலகிவிட்டன. டிராக்டர் நிற்கவில்லை. நேராகப் போய்ப் பக்கத்து ரூம் சுவரில் மோதினாள்.

சுவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தது.

புழுதி அடங்கியபோது நாற்பது பிள்ளைகள் கை கட்டியபடி வெள்ளைப் பொம்மைகள் போல உட்கார்ந்திருந்தார்கள். கைகட்டு வாத்தியாரின் மேசை அப்பளமாகியிருந்தது. அவருடைய இடது கை செங்கல்லுக்கு அடியில் இருந்தது. செங்கல் குவியலின் மேல் ஏறி நின்ற டிராக்டர் நெஞ்சு அட்டையைத் தட்டிவிட்டு “ம்!” என்று சொல்லை முடித்து வைத்தாள். நாற்பது பிள்ளைகளும் அவளையே பார்த்தார்கள். ஒருவன் மெதுவாகக் கையை அவிழ்த்தான். பிறகு எல்லோரும். ஆளுக்கொரு உடைந்த பெஞ்சுச் சட்டத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். எழுபத்தொரு பேர். அதற்குப் பிறகு வாத்தியாருக்குக் கட்ட ஒரு கைதான் மிச்சம். மற்றதைக் கம்பவுண்டர் கட்டிவிட்டார்.

மூன்றாம் வாரம் சட்டம் இன்னும் கடுமை. ஒலி சொல்லின் முதலில் வந்தாலும் அடி, நடுவில் வந்தாலும் அடி, கடைசியில் வந்தாலும் அடி. தெருவில் பேச்சே நின்றுபோனது. நாய்கள்கூட யோசித்துத்தான் குரைத்தன.

அதிகாரி வருவதற்கு முந்தின மதியம் தலைமையாசிரியர் கிளினிக்கில் தலைக்கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். டீச்சரும் பக்கத்தில் நின்றாள்.

“நாளைக்கு என்ன எழுத்து வேணா போடுங்கம்மா. ஆனா அந்த மனுஷன் வாயில வராததா போடுங்க. அவர் உசிரோட திரும்பிப் போகணும்.”

“ழ் போடட்டுமா சார்?”

“கொழந்தைங்களான்னு கூப்பிட்டா?” என்றார் கம்பவுண்டர், கட்டை இறுக்கிக்கொண்டே.

“ங்?”

“வாங்க போங்கன்னு பேசமாட்டாரா? அவர் என்ன காட்டுலயா வளர்ந்தாரு?”

“ஞ்?”

“கொஞ்சம், அஞ்சு, பஞ்சு. இங்கயே மூணு ஆச்சு.”

கம்பவுண்டர்தான் கண்டுபிடித்தார்.

“ஔ! அதை யாரு தொடுறாங்க? அகராதியிலயே அரைப் பக்கம்தான். நான் இருபது வருஷமா மருந்துச் சீட்டு படிக்கிறேன், ஒரு தடவை பாத்ததில்லை.”

தலைமையாசிரியர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீச்சருக்கு மட்டும் ஒரு கவலை. ஒருவரும் சொல்லாத ஒலியை வைத்துப் பிள்ளைகள் எதைக் காட்டுவது? எழுபத்தொரு பேரும் சும்மா நின்றால் அதிகாரி என்ன எழுதுவார்? ஆனாலும் வேறு வழியில்லை. மறுநாள் காலை பலகையில் ஔ ஏறியது.

கல்வி அதிகாரி பழைய காலத்து மனிதர். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, முகத்தில் சிரிப்பு. செங்கல் குவியலைத் தாண்டி வந்து, எழுபத்தொரு குழந்தைகளையும் அன்பாகப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்தார்.

“எல்லாரும் சௌக்கியமா?”

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு அசையவில்லை. அந்த ஒலியை அவர்கள் ஒரு சொல்லுக்குள் வைத்துக் கேட்டதே இல்லை. டீச்சர் விசிலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடி விழுந்துவிடுமோ என்றா, விழாமல் போய்விடுமோ என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. குண்டூசி விரல் விட்டு எண்ணினான். “ச்...” ஒரு விரல் மடங்கியது. “ஔ...” இரண்டாவது விரல் மடங்கவில்லை. அப்படியே அதிகாரியை நோக்கி நீண்டது.

எழுபத்தொரு பேரும் கிளம்பினார்கள். முதல் அலையில் கோப்பு காகிதப் பூவாகிப் பறந்தது. இரண்டாவதில் மேசை கவிழ்ந்தது. ஆனால் அதிகாரி லேசுப்பட்டவர் இல்லை. இளமையில் குத்துச்சண்டை பழகியவர் போலிருக்கிறது. ஒரு நாற்காலியைத் தூக்கிச் சுழற்றினார். நாற்காலி குழந்தைகள் யார் மேலும் படவில்லை. அவர்கள் அதற்குக் கீழே இருந்தார்கள். விலக்கிவிட வந்த கைகட்டு வாத்தியாரின் மிச்சமிருந்த கையில் பட்டது.

“மௌனம்! மௌனம்!” என்று அதிகாரி கர்ஜித்தார்.

கட்டில் கால் இறங்கியது. பெஞ்சுச் சட்டங்கள் இறங்கின. ஜன்னல் கதவு கழன்று, அதிகாரி அதன் வழியாகப் பாதி வெளியே போய், காலைப் பிடித்து இழுக்கப்பட்டு மறுபடி உள்ளே வந்தார்.

“ஒரு கௌரவம் வேணாமா!” என்றார் தரையிலிருந்து.

அதற்குப் பிறகு அவர் தெரியவில்லை. குழந்தைகள்தான் தெரிந்தார்கள், ஒரு குவியலாக. அதன் அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கை மட்டும் வெளியே வந்து தரையை மூன்று முறை தட்டியது. தலைமையாசிரியர் மூலையில் நின்று மார்பில் அடித்துக்கொண்டார். “ஐயோ! ஐயோ! ஐயாவை விடுங்கடா!”

டீச்சர் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிடம் போனால் அதிகாரி போய்ச் சேர்ந்துவிடுவார். அவரோடு வகுப்பும் போய்விடும். விசில் ஊதினால் ஆட்டம் ஆரம்பம் என்றுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம், இன்னும் சூடு பிடிக்கும். அவள் கரும்பலகைக்கு ஓடினாள். முழங்கையால் ஔ-வை அழித்தாள். தலைமையாசிரியரை ஒரு தடவை மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தாள். பெரிதாக ‘ஐ’ என்று எழுதிப் பலகையைத் தட்டினாள்.

குவியல் நின்றது. எழுபத்தொரு தலைகள் பலகையைப் பார்த்தன. பிறகு மூலையைப் பார்த்தன.

“ஐயையோ!” என்றார் தலைமையாசிரியர்.

அவர் ஓடிய வேகத்தை அந்தத் தெரு இன்றும் பேசுகிறது. கதவைத் திறக்க நேரமில்லாமல் கதவோடு போனார். “கை! என் கை! ஐயோ, என் கையை விடுங்க!” என்ற குரல் கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, கிளினிக் பக்கமாகத் தேய்ந்துபோனது. கைகட்டு வாத்தியார் இரண்டு கையும் உபயோகமில்லாமல், வாயை இறுக மூடிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார்.

வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை. அதிகாரி எழுந்து உட்கார்ந்தார். சட்டையில் காலர் மட்டும் மிச்சம். ஒரு கண் மூடிவிட்டது. திறந்திருந்த கண் பலகையையே பார்த்தது.

“ஒரு நொடியிலயாம்மா மாத்தினே?” என்றார் ரொம்ப ஜாக்கிரதையாக, ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள்ளேயே ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு.

“ஆமாங்க சார்.”

“ரெண்டுமே கூட்டுச் சத்தம். குழம்பவே இல்லியே?”

“குழம்ப மாட்டாங்க சார்.”

“முப்பது வருஷமா ஸ்கூல் ஸ்கூலா போறேன். நான் பேசினா பசங்க கொட்டாவிதான் விடும். இன்னிக்குத்தான் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதுல ஏறியிருக்கு.” வாயிலிருந்து ஒரு பல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். “பேனா இருக்கா?”

அவள் கொடுத்தாள். கிழிந்த கோப்பில் ஒரு தாளைத் தேடிப் பிடித்து, தரையில் வைத்தே எழுதினார். ஒலியறிவு மிகச் சிறப்பு. ஆசிரியை இன்று முதல் நிரந்தரம். இவரை வேறு எந்தப் பள்ளிக்கும் எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. மாற்ற நினைப்பவர் முதலில் ஒரு முறை நேரில் வந்து பார்க்கவும். கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். வகுப்பு அவளுடையதாகிவிட்டது.

தூரத்தில் பிள்ளைகள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அதிகாரி செருப்பைக்கூடத் தேடவில்லை. ஜன்னல் வழியாகவே போய்விட்டார்.

சொல்ல விட்டுப்போனது ஒன்றே ஒன்று: அந்தப் பள்ளிக்கூடத்தில் கட்டிய நாளிலிருந்து ஆறாம் வகுப்பு முதல்தான் உண்டு, ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இருந்ததே இல்லை.